வெட்டுப்புள்ளியை யார் வெட்டுகிறார்கள்?

இலங்கையில் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்து பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்புகிற நாட்களில், கிளிநொச்சியில் நண்பர் ஒருவரின் கொமினிகேசன் கடையில் பின்னேரங்களில் போய் இருப்பேன். நான் கணிதம் படிப்பிக்கிறவன். நண்பருக்குக் கணினி தெரியும், பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பார்க்கிற இசட் புள்ளி தெரியாது. அதனால் வருகிறவர்களின் கேள்வி எல்லாம் என் பக்கம் தள்ளப்படும்.

ஒரு நாள் பரந்தன் பக்கத்திலிருந்து தகப்பன் ஒருவர் மகளோடு வந்தார். கையில் நாலாக மடித்த தாள். அதில் மகளின் இசட் புள்ளி, பக்கத்திலேயே போன வருட வெட்டுப்புள்ளி. "சேர், போன வருஷத்தைவிட இவளுக்குக் கொஞ்சம் கூட இருக்கு. அப்ப கம்பஸ் நிச்சயம்தானே? பேந்தேன் மற்றக் கோர்ஸ் எல்லாம் போடச் சொல்லுறியள்?" என்றார். நான் வாய் திறக்க முதல் அடுத்த கேள்வி: "யாழ்ப்பாணத்தில இருக்கிற எங்கட அண்ணற்ர மகனுக்கு இவளைவிடக் கூட. ஆனா அவனுக்குக் கிடைக்காதாம். இதுதானே அந்தத் தரப்படுத்தல்?"

இரண்டும் நியாயமான கேள்விகள். இரண்டிலும் சிக்கல் ஒன்றுதான். இசட் புள்ளி, வெட்டுப்புள்ளி, கோட்டா, தரப்படுத்தல் ஆகிய நாலு சொற்களையும் நாங்கள் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டோம். அவிழ்த்துத் தனித்தனியாக வைத்துப் பார்ப்போம்.

## எத்தனை மணிக்கு வந்தால் சீற் கிடைக்கும்?

முல்லைத்தீவிலிருந்து விடியற்காலையில் வவுனியாவுக்குப் புறப்படுகிற பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் புதியவர் ஒருவர் உங்களிடம் கேட்கிறார்: "எத்தனை மணிக்கு வந்தால் இருக்க இடம் கிடைக்கும்?" நீங்கள் சொல்கிறீர்கள்: "நேற்று ஐந்து இருபதுக்கு வந்தவருக்குக் கடைசி சீற் கிடைத்தது."

இந்த ஐந்து இருபதை யார் தீர்மானித்தார்? சாரதியா, நடத்துனரா? ஒருவரும் இல்லை. பஸ்ஸில் இவ்வளவு சீற், வந்த ஆட்கள் இவ்வளவு பேர், அவர்கள் வந்த நேரம் இவை. இந்த மூன்றும் சேர்ந்து விட்டுப்போன தடயம்தான் அந்த நேரம். நாளைக்கு வவுனியா ஆஸ்பத்திரியில் கிளினிக் என்றால் ஐந்து மணிக்கே பஸ் நிரம்பிவிடும். மழை பெய்தால் ஐந்தரைக்கு வந்தவரும் யன்னல் கரையில் இருந்துகொண்டு போவார்.

வெட்டுப்புள்ளி இதேதான். ஒரு பாடநெறிக்கு ஒரு மாவட்டத்திலிருந்து எடுக்கப்பட்ட கடைசிப் பிள்ளையின் இசட் புள்ளி. அதற்கு மேல் அதில் மர்மம் ஒன்றும் கிடையாது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு முன்கூட்டியே ஒரு எண்ணைத் தீர்மானித்துவிட்டு, அதற்கு மேல் உள்ளவர் வாருங்கள் என்று கதவைத் திறப்பதில்லை. முதலில் இடங்களை நிரப்புகிறார்கள். நிரம்பி முடிந்த பிறகு கடைசியாக இருந்தவரின் எண்ணை வெளியிடுகிறார்கள்.

ஆகவே போன வருட வெட்டுப்புள்ளி போன வருடப் பஸ்ஸின் கதை. இந்த வருடம் யார் யார் வரிசையில் நிற்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது.

## நெல்லையும் உழுந்தையும் எப்படி ஒப்பிடுவது?

பஸ்ஸில் வந்த நேரம் பார்த்தோம். பல்கலைக்கழக வரிசையில் எதைப் பார்ப்பது? வெறும் புள்ளிகளைக் கூட்டினால் என்ன என்று தோன்றும். 2000 வரையில் அப்படித்தான் இருந்தது. நாலு பாடம், நாலின் மொத்தப் புள்ளி. பிறகு பாடங்கள் மூன்றாகின, 2001 பரீட்சையிலிருந்து இசட் புள்ளி வந்தது.

காரணம் விளங்க வயலுக்குப் போவோம். இரணைமடுத் தண்ணீரில் ஒருவர் நெல் விதைத்தார், ஏக்கருக்கு 30 மூடை. அடுத்த ஊர்க்காரர் உழுந்து விதைத்தார், 8 மூடை. யார் திறமான விவசாயி? முப்பதும் எட்டும் என்று மூடையை எண்ணித் தீர்ப்புச் சொன்னால் உழுந்துக்காரர் சிரிப்பார். நெல் விதைத்த எல்லாருக்கும் சராசரியாக எவ்வளவு, உழுந்து விதைத்த எல்லாருக்கும் சராசரியாக எவ்வளவு என்று பார்க்கவேண்டும்.

நெல்லின் சராசரி 25, உழுந்தின் சராசரி 6 என்று கணக்குக்காக வைப்போம். நெல்காரர் சராசரியைவிட 5 மூடை கூட எடுத்தார், உழுந்துக்காரர் 2 மூடை கூட எடுத்தார். இதுவும் போதாது. நெல்லில் ஆளுக்கு ஆள் 5 மூடை ஏறி இறங்குவது வழக்கம் என்றால், அந்த 5 ஒரு சாதாரண முன்னேற்றம். உழுந்தில் வழக்கமான ஏற்ற இறக்கம் 1 மூடைதான் என்றால், 2 மூடை கூட எடுப்பது பெரிய விஷயம். நெல்காரர் வழக்கமான ஏற்ற இறக்கத்தின் ஒரு மடங்கு மேலே, உழுந்துக்காரர் இரண்டு மடங்கு மேலே. இப்போது ஒப்பிடலாம்.

பாடப்புத்தகம் அந்தச் சராசரியை இடை என்கிறது. வழக்கமான ஏற்ற இறக்கத்தை அளக்கிற எண் நியம விலகல். உங்கள் புள்ளியிலிருந்து இடையைக் கழித்து, நியம விலகலால் பிரித்தால் வருவது இசட் புள்ளி.

ஒரு பிள்ளையை எடுப்போம், எண்கள் நான் கற்பனையாகப் போட்டவை. பௌதிகவியலில் 62 புள்ளி. நாடு முழுவதும் அந்தப் பாடம் எழுதியவர்களின் இடை 38, நியம விலகல் 16. 24 ஐ 16 ஆல் பிரிக்க 1.5. இணைந்த கணிதத்தில் 70; இடை 34, நியம விலகல் 20. 36 ஐ 20 ஆல் பிரிக்க 1.8. இரசாயனவியலில் 60, இடை 45, நியம விலகல் 15. அது 1. மூன்றையும் கூட்டி மூன்றால் பிரித்தால் 1.4333. பெறுபேற்றுத் தாளில் நாலு தசமத்தோடு நிற்கிற எண் இதுதான்.

இதில் அடிக்கடி தடுக்கி விழுகிற இடங்கள் இரண்டு. ஒன்று, மைனஸ் இசட். இடைக்குக் கீழே புள்ளி எடுத்தால் கழித்தல் குறியோடுதான் வரும். பிள்ளை சித்தியடையவில்லை என்று அதற்கு அர்த்தம் கிடையாது. அந்தப் பாடம் எழுதிய சராசரிப் பரீட்சார்த்திக்குக் கீழே நிற்கிறார், அவ்வளவுதான். ஒரு அம்மா மைனஸைப் பார்த்துவிட்டு மகன் மூன்று பாடமும் பெயில் என்று கடை வாசலிலேயே அழுதிருக்கிறார். அவனுக்கு மூன்றும் எஸ், அதாவது சாதாரண சித்தி.

மற்றது, "மூன்று ஏ எடுத்தும் கிடைக்கவில்லை" என்கிற மனவருத்தம். 75 எடுத்தாலும் ஏ, 96 எடுத்தாலும் ஏ. இசட் இந்த எழுத்தைப் பார்ப்பதே இல்லை, உள்ளே இருக்கும் புள்ளியைப் பார்க்கிறது. எழுத்து ஒன்றாக இருந்தாலும் இடையிலிருந்து நிற்கிற தூரம் வேறு.

யாரோடு யாரை ஒப்பிடுகிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்று நாடு ஒருமுறை பட்டுத்தான் அறிந்தது. 2011 பரீட்சையைப் பழைய பாடத்திட்டத்தில் ஒரு கூட்டமும் புதிய பாடத்திட்டத்தில் இன்னொரு கூட்டமும் எழுதின. இரண்டையும் ஒரே கூட்டமாகக் கலந்து இசட் கணித்தார்கள். நெல்லையும் உழுந்தையும் ஒரே குவியலில் கொட்டிச் சராசரி பார்த்ததுபோல. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், 2012 இல் அந்த இசட் புள்ளிகள் செல்லாது என்று தீர்ப்பாகி, திரும்பவும் கணித்தார்கள்.

சுருக்கமாக: இசட் புள்ளி வெவ்வேறு பாடங்களை ஒரே அளவுகோலில் வைக்கிறது. அதற்கு மாவட்டம் தெரியாது, மொழி தெரியாது. முல்லைத்தீவுப் பிள்ளைக்கும் கொழும்புப் பிள்ளைக்கும் ஒரே புள்ளிக்கு ஒரே இசட்தான்.

## அப்போ மாவட்டம் எங்கே வந்தது?

திரும்பவும் பஸ்ஸுக்கு வருவோம். பஸ் முல்லைத்தீவிலேயே நிரம்பிவிட்டால், ஒட்டுசுட்டானிலும் நெடுங்கேணியிலும் நிற்பவர்களுக்கு வாழ்க்கையில் சீற் கிடைக்காது. அவர்கள் பிந்தி வரவில்லை. மூன்று மணிக்கே வந்து நின்றாலும் இதே கதைதான். பஸ் புறப்படுகிற இடம் அப்படி. ஆகவே சில சீற்றுகளை இடையில் ஏறுகிறவர்களுக்கென்று ஒதுக்கி வைக்கிறோம். இதுதான் கோட்டா.

இப்போதைய முறையில் பெரும்பாலான பாடநெறிகளின் இடங்கள் மூன்றாகப் பிரிகின்றன. 40 சதவீதம் தீவு முழுவதற்கும் பொதுவான திறமை வரிசை. 55 சதவீதம் மாவட்டங்களுக்கு, அவற்றின் சனத்தொகை விகிதப்படி. மிச்சம் 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியதாகக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. அந்தப் பதினாறில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நாலும் உண்டு. யாழ்ப்பாணமும் உண்டு, இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. சில பாடநெறிகளுக்கு இந்தப் பங்கீடு கிடையாது, தீவுத் திறமை வரிசை மட்டும்தான்.

ஆயிரம் இடம் உள்ள ஒரு பாடநெறியைக் கற்பனை செய்து, 2012 குடிசன மதிப்பீட்டை வைத்துக் கணக்குப் போடுவோம். நாட்டின் சனத்தொகை சுமார் 2 கோடி 3 இலட்சம், கிளிநொச்சி மாவட்டம் சுமார் 1 இலட்சத்து 13 ஆயிரம். 55 சதவீதமான 550 இடத்தில் கிளிநொச்சியின் பங்கு மூன்று. 5 சதவீதமான 50 இடத்தில் ஒரு முழு இடம்கூட வராது, முக்கால் என்று வையுங்கள். கூட்டினால் நாலுக்குக் கிட்ட. 92 ஆயிரம் பேர் கொண்ட முல்லைத்தீவுக்கு மொத்தம் மூன்று. யாழ்ப்பாணத்துக்கு ஏறத்தாழ 19, கொழும்புக்கு 63.

ஆயிரத்தில் மூன்று. "வன்னிக்குக் கோட்டா இருக்கு, சும்மா போகலாம்" என்று சொல்கிறவர்கள் இந்த எண்ணை ஒருமுறை உரத்துச் சொல்லிப் பார்க்கவேண்டும்.

திறமை வரிசையில் எடுபடுகிறவர் மாவட்டப் பங்கைத் தின்பதில்லை என்பதையும் கவனியுங்கள். கிளிநொச்சிப் பிள்ளை ஒன்று தீவு வரிசையிலேயே போய்விட்டால், மாவட்டத்துக்குரிய இடங்கள் அப்படியே அடுத்தவர்களுக்கு இருக்கும்.

மாவட்டம் என்பது வீட்டு விலாசம் அல்ல, பரீட்சைக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் படித்த பாடசாலை இருக்கிற மாவட்டம். நடுவில் மாறியவர்களுக்கான விதி ஆணைக்குழுவின் கைநூலில் இருக்கிறது, கட்டாயம் வாசியுங்கள். கோட்டாவுக்காக வன்னிக்கு வந்து படிக்கிறார்கள் என்ற முறைப்பாடு எல்லா வருடமும் கேட்கும். மறுபக்கத்தை யாரும் பேசுவதில்லை. துணுக்காயில் பிறந்த பிள்ளை, விஞ்ஞானம் படிக்க நல்ல ஆசிரியர் வேண்டுமென்று யாழ்ப்பாணப் பாடசாலைக்குப் போய் அங்கேயே அந்த ஆண்டுகளைக் கழித்தால், கணக்கு யாழ்ப்பாணத்தில்தான் விழும். ஊர் வன்னி, வரிசை யாழ்ப்பாணம்.

## சின்ன மாவட்டத்தில் எண் ஏன் துள்ளுகிறது?

அந்தத் தகப்பனின் முதல் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். மூன்றே இடம் உள்ள மாவட்டத்தில் ஒரு வருடம் முதல் மூவர் 1.9, 1.7, 1.6 என்று எடுத்தார்கள். வெட்டுப்புள்ளி 1.6. அடுத்த வருடம் இரண்டாம், மூன்றாம் தடவை எழுதுகிற கெட்டிக்காரர்கள் இருவர் சேர்ந்துகொள்ள, 2.0, 1.9, 1.85 என்றாகிறது. வெட்டுப்புள்ளி 1.85. ஒருவரும் விதியை மாற்றவில்லை. இரண்டு பிள்ளைகள் நன்றாகப் படித்துவிட்டார்கள், அவ்வளவுதான். அறுபது இடம் உள்ள மாவட்டத்தில் இரண்டு பேர் கூடினால் எண் இலேசாக அசையும். மூன்று இடம் என்றால் துள்ளும்.

இன்னொன்று. வெளியாகும் வெட்டுப்புள்ளி முதற்சுற்றுத் தெரிவுக்குரியது. இடம் கிடைத்த சிலர் பதிய மாட்டார்கள், வெளிநாடு போவார்கள். அந்த வெற்றிடங்களைப் பின்னர் நிரப்புவார்கள். அதனால் வெட்டுப்புள்ளிக்கு ஒரு நூலிழை கீழே நிற்கிறவர் விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு இருக்கக்கூடாது.

சுருக்கமாக: பங்கீடு முன்கூட்டியே தெரியும், வெட்டுப்புள்ளி பிறகுதான் தெரியும். மாவட்டம் சின்னதாகச் சின்னதாகப் போன வருட எண்ணை நம்புவது ஆபத்து.

## "இதுதானே அந்தத் தரப்படுத்தல்?"

இந்தச் சொல்லைக் கேட்டாலே எங்கள் பெரியவர்களின் முகம் மாறும். காரணம் இருக்கிறது. 1971 இல் வந்தது மொழிவாரித் தரப்படுத்தல். தமிழ் மொழிமூலம் எழுதியவர் சிங்கள மொழிமூலம் எழுதியவரைவிடக் கூடுதல் புள்ளி எடுத்தால்தான் மருத்துவம், பொறியியல் போன்றவற்றுக்கு இடம். அது அநியாயம். ஒரு தலைமுறையையே கொதிக்க வைத்தது. 1974 இல் மாவட்டக் கோட்டா சேர்ந்தது. 1977 இல் ஆட்சி மாறிய பின் மொழிவாரி முறை கைவிடப்பட்டது. மாவட்ட முறை விகிதங்கள் மாறி மாறி இன்றுவரை நிற்கிறது.

ஆக 1971 இல் பார்த்தது மொழியை, கோட்டா பார்ப்பது மாவட்டத்தை, இசட் பார்ப்பது பாடத்தின் கடினத்தை. மூன்றும் மூன்று விஷயம். புள்ளிவிபரவியலில் இசட் கணிப்பதை நியமப்படுத்தல் என்போம்; அதற்கும் தரப்படுத்தலுக்கும் ஆங்கிலத்தில் ஸ்டாண்டடைசேசன் என்ற ஒரே சொல்தான். குழப்பத்துக்கு அந்தச் சொல்லும் ஒரு காரணம்.

வன்னியிலிருந்து பார்க்கிறவனுக்கு இன்னொன்றும் தெரியும். மாவட்டக் கோட்டா யாழ்ப்பாணத்துக்கு இழப்பு, ஆனால் அன்றைய வவுனியாவுக்கும் மன்னாருக்கும் அது திறந்த கதவு. முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978 இல். கிளிநொச்சி 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் இருந்தது. அதாவது கோட்டா வந்த முதல் பத்து வருடமும் கிளிநொச்சிப் பிள்ளை யாழ்ப்பாண நகரப் பிள்ளையோடு ஒரே வரிசையில் நின்றது. எல்லைக்கோடு வரைந்த பிறகுதான் தனி வரிசை. "தமிழருக்கு நல்லதா கெட்டதா" என்று ஒரே மூச்சில் கேட்டால் பதில் வராததற்கு இதுதான் காரணம்.

தமையனின் மகன் கதையும் இங்கேதான் முடிகிறது. அவனுடைய இசட் கூட, அவனுடைய வரிசையும் நீளம். அதே இசட்டோடு அவன் பரந்தனில் படித்திருந்தால் உள்ளே போயிருக்கக்கூடும். அது அநீதியா என்று கேட்டால், அவனுக்கு நோகும் என்று ஒப்புக்கொள்வேன். ஆனால் போரில் இடம்பெயர்ந்து, 2009 ஆகஸ்டில் செட்டிகுளம் முகாம்களுக்குள் இருந்து உயர்தரம் எழுதிய பிள்ளைகளையும் வீட்டில் மேசை விளக்குப் போட்டுப் படித்த பிள்ளைகளையும் ஒரே வரிசையில் நிறுத்துவதை நியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

## விருப்பொழுங்கு சூதாட்டம் அல்ல

விண்ணப்பத்தில் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் ஒவ்வொரு பாடநெறிக்கும் ஒரு குறியீடு. யுனிகோட் என்பார்கள் பிள்ளைகள். விரும்புகிற ஒழுங்கில் அவற்றை அடுக்கவேண்டும். "முதலாவதாகப் போட்டால் வாய்ப்புக் கூடுமா?" என்பது கடையில் அதிகம் கேட்கிற கேள்வி. கூடாது. இசட் கூடினவரின் பட்டியல் முதலில் பார்க்கப்படும். அவர் பட்டியலில் மேலிருந்து கீழாக, எங்கே இடம் இருக்கிறதோ அங்கே. பயந்து நல்லதைக் கீழே போட்டால் நட்டம் உங்களுக்குத்தான். பட்டியலை இரண்டு வரியோடு நிறுத்துவதும் நட்டம். உண்மையாக விரும்புகிற ஒழுங்கில், நீளமாகப் போடுங்கள்.

## எண்ணுக்குப் பதில் எழுத்து

இவ்வளவும் சொல்லிவிட்டு அந்தத் தகப்பனுக்குப் போன வருட அட்டவணையைத் திரையில் காட்டினேன். கிளிநொச்சி நிரலில் விரலை ஓட்டிக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நின்றார். எண் இருக்கவேண்டிய கட்டத்தில் மூன்று ஆங்கில எழுத்து: என்.கியூ.சி. "அச்சுப்பிழையோ சேர்?"

பிழை இல்லை. அந்தப் பாடநெறிக்கு அந்த மாவட்டத்தில் தகுதியான விண்ணப்பதாரி ஒருவரும் இல்லை என்று அர்த்தம். வன்னி மாவட்டங்களின் நிரல்களில் இந்த எழுத்துகளைப் பார்க்கலாம். பஸ்ஸில் சீற் ஒதுக்கி வைத்தார்கள், தரிப்பிடத்தில் ஆள் இல்லை. உயர்தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் உள்ள பாடசாலையை 1ஏபி என்பார்கள். கலையும் வணிகமும் மட்டும் உள்ளது 1சி. எங்கள் பக்கத்தில் 1ஏபி விரல்விட்டு எண்ணக்கூடியவை, அவற்றிலும் ஆசிரியர் இடமாற்றம் வாங்கிப் போனால் பௌதிகவியல் மாதக்கணக்கில் கரும்பலகையோடு நிற்கும். கோட்டா கடைசிக் கதவில் வேலை செய்கிறது. பிள்ளை அந்தக் கதவுவரை வந்து சேராவிட்டால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

மகள் அதுவரை பேசாமல் இருந்தாள். அந்தக் கட்டத்துக்கு நேரே இருந்த பாடநெறியின் பெயரை வாசித்துவிட்டு, "சேர், இதுக்கு என்ர பாடங்கள் பொருந்துமோ?" என்று கேட்டாள். கைநூலை எடுத்துத் தேவையான பாடங்களைப் பார்த்தோம். பொருந்தியது. தகப்பன் தாளைத் திரும்ப நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"சரி, அதையும் போடு பிள்ளை. எத்தினையாவது?"

"ஏழாவது, அப்பா."